கேப்டனுக்கு மட்டும் ஏன் ஊர் இல்லை: ஒரு விண்வெளி நாடகத்தின் பேச்சு பற்றிய நிகழ்வு ஆய்வு

புதுச்சேரியில் ஒரு சிறு குழு ஒலி நாடகம் தயாரிக்கிறது. மேடையில் பழகியவர்கள், அரங்க வாடகை கட்டுப்படியாகாமல் ஒலிக்கு மாறியவர்கள். அவர்களுடைய புதிய தொடர் ஒரு விண்வெளிக் கதை. முந்நூறு வருஷம் கழித்து, தமிழ் பேசும் மக்கள் மூன்று இடங்களில் வாழ்கிறார்கள். பூமியைச் சுற்றும் பெரிய நிலையம் மேலகம். ஆட்சி, கணக்கு, காவல் எல்லாம் அங்கே. செவ்வாயில் செவ்வூர், சந்தையும் பட்டறையுமாக. சனிக்கோளின் வளையங்களில் பனி வெட்டி எடுக்கும் தொழிலாளிகளின் குடியிருப்புக்கு வளையம் என்றே பெயர். சனியின் வளையங்கள் பெரும்பாலும் நீர்ப்பனிதான், அதனால் தண்ணீர் வியாபாரம் என்ற கற்பனையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

முதல் இரண்டு பகுதிகளைப் பதிவு செய்துவிட்டு, வெளியிடும் முன் சிலருக்குப் போட்டுக் காட்டினார்கள். அந்தக் கேட்பில் எழுந்த கேள்விகளும் அதன் பிறகு பிரதி மாறிய விதமும்தான் இங்கே ஆய்வுப் பொருள். முதல் கேட்பில் நான் பார்வையாளன். பிரதியைத் திருத்தும் கட்டத்தில் பேச்சுவழக்குக்கு உதவக் கூப்பிட்டார்கள். குழுவின் பெயரையும் ஆட்களின் பெயரையும் விட்டுவிட்டேன்.

முதல் வரைவு

கேப்டன் மேலகத்துக்காரர். வானொலியில் செய்தி வாசிப்பது போலப் பேசுவார்: "காற்றழுத்தம் குறைகிறது. அனைவரும் கவசம் அணியுங்கள்." விஞ்ஞானிக்கு அக்கிரகாரத்துப் பேச்சு. செவ்வூர் வியாபாரி கோயம்புத்தூர், வரிக்கு ஒரு 'ஏனுங்க'. காவல் படை மதுரை. வளையத்தில் ஒரு வால்வு மெக்கானிக் உண்டு. அவன் பெயருக்குப் பக்கத்தில் 'கடலூர் துறைமுகப் பேச்சு' என்று குறிப்பு. "இன்னா கேப்டன், காத்து இறங்கிகினு கீது, நீ டீ குடிச்சிகினு கீற?" என்பதுதான் அவனுடைய முதல் வசனம். உடனே ஒரு சிரிப்பு இசை. இரண்டாம் பகுதியின் கடைசியில் செத்துப்போகிறான்.

இதில் வன்மம் எதுவும் இல்லை. ஒலி நாடகத்தில் முகம் கிடையாது, குரலை வைத்துத்தான் ஆளைப் பிரித்துக் காட்ட வேண்டும். கேட்பவர் மனதில் ஏற்கெனவே ஒரு படம் இருந்தால் அறிமுகத்துக்கு ஒரு வரிகூடச் செலவழிக்க வேண்டாம். தமிழ் சினிமா காலங்காலமாகச் செய்வது இதுதான்: சிரிப்புக்கு மெட்ராஸ், மரியாதைக்குக் கோவை, அரிவாளுக்கு மதுரையும் நெல்லையும். விஞ்ஞானி விஷயம் இன்னும் ஒரு படி மேலே. வட்டார வழக்கு என்று நாம் சொல்வதில் பாதி, சாதி வழக்கு. தமிழில் சாதிக்கும் பேச்சுக்கும் உள்ள உறவைப் பற்றி ழூல் பிளோக் என்ற பிரெஞ்சு மொழியியலாளர் 1910இலேயே எழுதியிருக்கிறார். முந்நூறு வருஷம் தாண்டி, சனிக்கோள் வரைக்கும் அது எந்தக் கப்பலில் ஏறிப் போனது என்று குழுவில் ஒருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் குழுவுக்கு முத்திரை குத்தப்படுவது எப்படி இருக்கும் என்று நன்றாகவே தெரியும். வெளியூரில் போய் 'பாண்டி' என்று சொன்னதும் எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும், அடுத்த கேள்வி சரக்கு விலை பற்றி. அந்தச் சிரிப்பில் அலுத்துப்போனவர்கள்தான், இருபது சொச்சம் கிலோமீட்டர் தெற்கே இருக்கிற துறைமுகத்தைச் சிரிப்புக்கு எடுத்துக்கொண்டார்கள்.

முதுநகரில் நடந்தது

கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் கேட்பு. படகு வேலை பார்த்தவர்கள், ஐஸ் பிளான்டில் வேலை செய்கிறவர்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள். பனி வெட்டுகிற கதையைக் கேட்க இதைவிடப் பொருத்தமான ஆட்கள் கிடைக்க மாட்டார்கள். ஆனால் குழு அப்படி யோசித்து அங்கே போகவில்லை, இடம் இலவசமாகக் கிடைத்தது, அவ்வளவுதான்.

பிள்ளைகள் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார்கள். பெரியவர்கள் மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள். முடிந்ததும், விசைப்படகில் ஸ்ராங்காக, அதாவது படகை ஓட்டும் தலைவராக, இருந்து ஓய்ந்த ஒரு பெரியவர் கை தூக்கினார். "தம்பி, ஒரு சந்தேகம். அந்த மெக்கானிக் மட்டும்தான் பேசறான். மத்தவங்க எல்லாம் ஏன் வாசிக்கிறாங்க?"

இயக்குநர் ஏதோ விளக்கம் சொன்னார். பெரியவர் விடவில்லை. "காத்து இறங்குதுன்னு மொதல்ல சொன்னது அவன். கேப்டன் காதுல வாங்கல, அவன் செத்தான். சரி, கதை. ஆனா நீங்களும்தானே வாங்கல? அவன் சொன்னதும் மியூசிக் போட்டு சிரிச்சிட்டீங்களே."

ஐஸ் பிளான்ட் அக்கா ஒருவர், அது தங்கள் பேச்சே இல்லை என்றார். "மெட்ராஸ் படத்துல வர்றத எடுத்து எங்க பேர ஒட்டியிருக்கீங்க." வாசலில் நின்ற ஒரு பையன் வேறொன்று சொன்னான்: "எங்க ஊருன்னா ஒண்ணு சிரிப்பு, இல்லன்னா டிவியில தண்ணி." 2004 சுனாமி, 2011 டிசம்பரில் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறிய தானே புயல், 2015 வெள்ளம் என்று கடலூர் செய்தியில் வந்ததெல்லாம் அப்படித்தான். நாடகத்திலும் வளையம் என்றால் விபத்து நடக்கும் இடம்.

திரும்பி வரும் வழியில் குழு இதையெல்லாம் 'வட்டாரப் பேச்சு பற்றிய புகார்' என்று ஒரே மூட்டையாகக் கட்டியது. எனக்கு அது மூன்று தனித்தனி விஷயமாகப் பட்டது. அக்கா சொன்னது போலி பற்றி. பையன் சொன்னது விதி பற்றி: ஒரு ஊருக்குக் கதையில் எந்த வேலை ஒதுக்கப்படுகிறது என்பது. பெரியவர் சொன்னதுதான் ஆழமானது. அவர் மெக்கானிக்கின் பேச்சைக் குறை சொல்லவே இல்லை. கேப்டனுக்குப் பேச்சே இல்லை என்பதுதான் அவர் கண்ட குறை.

பிரதியை எடுத்துப் பார்த்தால் அது எழுத்திலேயே தெரிந்தது. கேப்டன் வசனம் முழுக்கப் பாடநூல் எழுத்துக்கூட்டல். மெக்கானிக் வசனம் மட்டும் காதில் விழுகிறபடி. ஆனால் எழுதுகிறபடி பேசுகிறவர் தமிழில் யாரும் இல்லை. கலெக்டரும் வீட்டில் 'வந்துட்டாங்க' என்றுதான் சொல்வார். ஒருவருடைய பேச்சை மட்டும் உடைத்து எழுதினால் உடைந்தது அவர் என்று ஆகிவிடுகிறது. நடிகரும் பாவம் என்ன செய்வார்? கையில் கொடுத்த தாளைத்தான் படிக்கிறார்.

இன்னொரு ஓட்டையும் இருந்தது. மெக்கானிக்கிடம் துறைமுகத்து ஓசை என்று எதையோ ஒட்டியவர்கள், துறைமுகத்தின் சொற்களில் ஒன்றைக்கூட எடுக்கவில்லை. வாடை, கச்சான், கொண்டல், சோழகம் என்று காற்று வரும் திசைக்கெல்லாம் பெயர் உண்டு. படகின் முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம். ஓசையை மட்டும் எடுத்தால் கிடைப்பது கோமாளி. சொல்லையும் சேர்த்து எடுத்திருந்தால் தொழில் தெரிந்த ஆள் ஒருவன் கிடைத்திருப்பான்.

ஒரு சின்ன சோதனை

இயக்குநருக்கு முழுசாக நம்பிக்கை வரவில்லை. "கேக்கறவங்க எல்லாரும் அப்படி நினைக்க மாட்டாங்க" என்றார். சரி, கேட்டுப் பார்த்துவிடலாம் என்றேன். 1960இல் மான்ட்ரியாலில் வாலஸ் லாம்பர்ட் என்ற உளவியலாளரும் சகாக்களும் செய்த ஒரு முறை இருக்கிறது. இரண்டு மொழியும் சரளமாகப் பேசும் ஆட்களை ஆங்கிலத்தில் ஒருமுறை, பிரெஞ்சில் ஒருமுறை வாசிக்கவைத்து, வெவ்வேறு ஆட்கள் என்று நம்பவைத்து மதிப்பெண் போடச் சொன்னார்கள். ஆங்கிலக் குரலுக்கு மதிப்பு கூடுதலாகக் கிடைத்தது. அதைக் கூடுதலாகக் கொடுத்தவர்களில் பிரெஞ்சு பேசும் மாணவர்களும் இருந்தார்கள்.

நாங்கள் செய்தது அதன் நாட்டு மருந்து வடிவம், ஆராய்ச்சி என்று சொல்லிக்கொள்ளத் தகாது. பாகூர்க்காரரான ஒரு நடிகர், காற்றுக் கசிவு பற்றிய ஒரே எச்சரிக்கையை வானொலிக் குரலில் ஒன்று, கரையோரப் பேச்சில் ஒன்று என்று பதிவு செய்தார். (பாகூரைச் சுற்றிக் கடலூர் மாவட்டம், ஆனால் பாகூர் புதுச்சேரி. இரண்டு பேச்சும் அவருக்கு வீட்டுப் பேச்சு.) புதுச்சேரியில் ஒரு கல்லூரி மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினோம். எந்தக் குரல் கேப்டன் ஆகலாம், எந்தக் குரலை உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டோம். வானொலிக் குரலுக்குக் கப்பலும் கரையோரக் குரலுக்குக் கல்யாணப் பத்திரிகையும் கிடைத்தன. கடலூர்க் கரையிலிருந்து பஸ்ஸில் வந்து படிக்கும் பிள்ளைகளும் அப்படியே பிரித்தார்கள். எச்சரிக்கை உண்மையாக இருக்கும் என்று எந்தக் குரலை நம்பினீர்கள் என்ற கேள்விக்குப் பெரும்பாலோர் வானொலியைக் காட்டினார்கள். சொல்லுக்குச் சொல் ஒரே வாசகம்.

அதற்குப் பிறகு இயக்குநர் விவாதம் செய்யவில்லை.

வளையத்துக்கு ஒரு பேச்சு

புதிய வரைவுக்கு ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டோம். பூமியின் எந்த மாவட்டத்தையும் தூக்கிக் கொண்டுபோய் எந்தக் கோளிலும் வைக்கக் கூடாது. யார் குடியேறினார்கள், யார் யாரோடு தினமும் பேசுகிறார்கள், யாரிடமிருந்து தங்களைப் பிரித்துக் காட்ட நினைக்கிறார்கள் என்று கேட்டு, வரும் பதிலிலிருந்து பேச்சைக் கட்ட வேண்டும்.

முதல் கேள்விக்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. கடலூர் மாவட்டத்திலேயே நெய்வேலி இருக்கிறது. 1956இல் நிறுவனம் தொடங்கி, பழுப்பு நிலக்கரிக்காக எழுந்த ஊர். பல மாவட்டங்களிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள் பிளாக் பிளாக்காகக் குடியேறினார்கள். அங்கே வளர்ந்த என் நண்பர்களின் பேச்சை வைத்து அவர்கள் அப்பா எந்த ஊர் என்று என்னால் சொல்ல முடிந்ததில்லை. அதே சமயம், சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த சுற்றுக் கிராமத்துக்காரர்கள் பேச்சு தனியாகத் தெரியும். வளையமும் இப்படித்தான் இருக்கும். முதலில் வந்தவர்கள் ஒரு கலவைப் பேச்சை உண்டாக்கியிருப்பார்கள், அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அதுவே ஊர்ப் பேச்சு.

எவ்வளவு காலத்தில்? நினைப்பதைவிடச் சீக்கிரம் தொடங்கும். அண்டார்டிகாவில் பிரிட்டனின் ராதெரா நிலையத்தில் குளிர்காலம் முழுக்க ஒன்றாக அடைபட்டிருந்த 11 பேரின் உச்சரிப்பை மியூனிக் பல்கலைக்கழக ஒலியியலாளர்கள் அளந்தார்கள். 2019இல் முடிவு வெளியானது. சில உயிரொலிகள், கருவியால் மட்டுமே கண்டுபிடிக்கும் அளவுக்கு, நகரத் தொடங்கியிருந்தன. ஒரு குளிர்காலத்தில் அது. முந்நூறு வருஷத்தில் என்ன ஆகும் என்பதை நாடக ஆசிரியர் தாராளமாக எழுதிக்கொள்ளலாம்.

பிரித்துக் காட்டுவதற்கு உதாரணம் வில்லியம் லபோவ் 1963இல் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்காவின் மார்த்தாஸ் வின்யார்டு தீவில், கோடை விடுமுறைக்கு வரும் பணக்காரக் கூட்டத்தைப் பிடிக்காத மீனவர்களிடம்தான் தீவின் பழைய உச்சரிப்பு அதிகமாக இருந்தது. தீவை விட்டுப் போக நினைத்தவர்களிடம் அது குறைவு. பேச்சு தேய்ந்து மிஞ்சியது மட்டுமல்ல, வேண்டுமென்றே பிடித்து வைத்துக்கொள்வதும்கூட. இதைப் படித்துக் காட்டியபோது குழுவில் கடலூர்ப் பெண் ஒருவர், தன் தம்பி சென்னையில் வேலைக்குப் போன பிறகு ஊருக்கு வரும்போதெல்லாம் முன்னைவிட அதிகமாக ஊர்ப் பேச்சு பேசுகிறான் என்றார்.

இதுவரைக்கும் பூமிக் கதை. விண்வெளியில் மட்டும் நடக்கக்கூடிய விஷயம் தாமதம். நிலவுக்கு ஒரு சொல் போய்ச்சேர 1.3 வினாடி. செவ்வாய்க்குச் சுமார் 3 நிமிடத்திலிருந்து 22 நிமிடம் வரை. சனிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல். நாடகம் முழுக்க மாறியது இந்த எண்களிலிருந்துதான். கேள்வி கேட்டுப் பதில் வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றால், வளையத்துக்காரர் எப்படிப் பேசுவார்? சொல்ல வேண்டியது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்வார். "வால்வு மூணு கசியுது, அழுத்தம் இவ்வளவு, அடைக்கச் சொன்னா அடைக்கிறேன், வேண்டாம்னா ஆளை வெளியேத்துறேன், பதில் வராட்டி ரெண்டாவதைச் செய்யறேன்." எதிராளி கேட்கப்போகும் கேள்விக்கும் சேர்த்துப் பதில். பழக்கம் வேரூன்றிய பிறகு, எதிரே உட்கார்ந்து டீ குடிப்பவரிடமும் அப்படியே. மேலகத்துக்காரர் காதில் அது எப்படி விழும்? 'வளையத்தான் அடுத்தவனைப் பேச விடமாட்டான்.' வளையத்தார் பக்கத்தில் மேலகத்துக்காரருக்கு 'அரைவாக்கியம்' என்று பட்டப்பெயர், எதையும் முடிக்காமல் எதிராளி குறுக்கிட இடம் விட்டே பேசுவதால். இரண்டு பக்கத்துக்கும் ஒருவரைப் பற்றி ஒருவருக்குத் தப்பான எண்ணம், இரண்டுக்கும் காரணம் ஒளியின் வேகம். மதுரை, கோவை எதையும் தொட வேண்டியிருக்கவில்லை.

காற்றும் ஒரு காரணம் ஆனது. 1973இல் ஏவப்பட்ட ஸ்கைலேப் நிலையத்தில் காற்றழுத்தம் தரைமட்டத்தில் மூன்றில் ஒரு பங்குதான் இருந்தது. சத்தம் தூரம் போகாமல் வீரர்கள் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருந்தது. வளையத்துக் குடியிருப்பிலும் செலவு மிச்சம் பிடிக்க அழுத்தத்தைக் குறைத்து வைத்திருக்கிறார்கள் என்று எழுதினோம். அதனால் அவர்கள் குரல் பெரிது. மேலகத்து விருந்துகளில் அது நாகரிகக் குறைவு. சிக்கனம் பிடித்தது யார் என்று விருந்தில் யாரும் கேட்பதில்லை.

அரசியலுக்கு வரைபடம் புதுச்சேரியே தந்தது. நான்கு துண்டு: புதுச்சேரி, காரைக்கால், கேரளக் கரையில் மாஹே, கோதாவரிப் பக்கம் ஏனாம். சட்டமன்றத்தில் தேர்தலில் வென்று வரும் 30 பேரில் புதுச்சேரிக்கு 23, காரைக்காலுக்கு 5, மாஹேவுக்கு ஒன்று, ஏனாமுக்கு ஒன்று. நாடகத்து அவையில் வளையத்துக்கும் ஒரே இருக்கை. விவாதம் தொடங்கிய செய்தி அவர்களுடைய உறுப்பினரை அடைந்து, அவர் பேச்சு திரும்பி வரும்போது வாக்கெடுப்பு முடிந்திருக்கும். அவர் உரை எப்போதும் நடவடிக்கைக் குறிப்பின் பின்னிணைப்பில் அச்சாகும். 'வளையத்தான் முடிஞ்ச பேச்சையே பேசுவான்' என்பது மேலகத்தில் பழமொழி. இந்த ஒரு காட்சிக்காகவே நான் இந்தத் தொடரைச் சிபாரிசு செய்வேன்.

மரியாதை வழக்கையும் மாற்றினார்கள். வளையத்தில் வயதோ சாதியோ பார்த்து 'நீங்க' கிடையாது. வெளிக்கதவுச் சாவி யார் கையில் இருக்கிறதோ அவருக்கு அந்த வேளைக்கு 'நீங்க'. வேலை மாறினால் மரியாதையும் மாறும். பதிவின்போது நடிகர்கள் அடிக்கடி குழம்பினார்கள். எழுத்தில் அழகாக இருக்கிறது, காதில் அவ்வளவாகப் பிடிபடவில்லை என்பது என் எண்ணம்.

கேப்டன்

கடைசியாகக் கேப்டன். பெரியவர் கேட்டதற்கு உண்மையான பதில் இங்கேதான் வர வேண்டும். முதலில் ஒரு சுலபமான வழி பார்த்தார்கள்: மேலகத்துக்காரர்கள் ழகரத்தை அளவுக்கு மீறி உருட்டட்டும், 'தளம்' என்பதைக்கூடத் 'தழம்' என்று சொல்லட்டும். பேச்சில் உயர்வு காட்ட நினைப்பவர்கள் இப்படி மிகைத்திருத்தம் செய்வது உலகம் முழுக்க உண்டு. ஒத்திகையில் நல்ல சிரிப்பு. ஆனால் கேலியை ஒரு பக்கத்திலிருந்து எடுத்து இன்னொரு பக்கம் வைத்ததைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை. அதைத் துணைப் பாத்திரம் ஒன்றுக்கு வைத்துக்கொண்டார்கள்.

குழுவில் ஏனாமிலிருந்து வந்து புதுச்சேரியில் தங்கிவிட்ட ஒரு நடிகை உண்டு. தாய்மொழி தெலுங்கு, தமிழ் பிறகு கற்றது. முதல் வரைவில் அவருக்கு 'அயல்கோள் பெண்' வேடம். அவரே கேட்டார்: "நான் ஏன் கேப்டன் ஆகக் கூடாது?" யாரிடமும் நல்ல காரணம் இல்லை. இப்போது கேப்டன் அவர்தான். நாடகத்தில் அதற்கு விளக்கம் கிடையாது. அவர் தமிழ் அப்படி இருக்கிறது, கப்பல் ஓடுகிறது.

இதற்கும் எதிர்ப்பு வந்தது. திருத்திய பகுதியை அதே கல்லூரியில் போட்டபோது, "கேப்டனுக்குத் தமிழ் சரியா வராதா?" என்று ஒரு மாணவர் கேட்டார். வேறொருவர், நடிகை தேர்வு சரியில்லை என்றார். முன்பு மெக்கானிக்கின் தமிழ் சரியா என்று அந்த வகுப்பில் யாரும் கேட்டதில்லை. அவன் அப்படிப் பேசுவது அவர்களுக்கு இயல்பாகப்பட்டது. குழு இந்த முறை அசையவில்லை. சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

கோவை வியாபாரி மட்டும் தப்பித்துவிட்டார். நடித்தவர் பொள்ளாச்சிக்காரர், தன் பேச்சை விட்டுக்கொடுக்க மறுத்தார், அது அவருக்குப் பெருமை. செவ்வாயில் 'ஏனுங்க' எப்படி மிஞ்சியது என்று கேட்டால், "எங்க ஊர்க்காரங்க போகாத இடம் உண்டுங்களா?" என்றார். பிரதியின் கட்டுப்பாட்டுக்கு இது நேர் விரோதம். எடுத்துவிட வேண்டும் என்று நான் சொன்னேன், வாக்கெடுப்பில் தோற்றேன்.

திருத்திய பகுதிகளோடு மறுபடி முதுநகர் மாடி. மெக்கானிக் இப்போது சாவதில்லை. கசிவை அவன் சொன்னதும் கேப்டன் திருப்பிச் சொல்லி உறுதி செய்கிறார், பிறகு அவன் வால்வை மூட வெளியே போகிறான். அணியம், அமரம் எல்லாம் வசனத்தில் இருந்தன. ஐஸ் பிளான்ட் அக்கா, 'இப்ப யார் பேச்சுன்னே தெரியல, ஆனா யாரோ பேசற மாதிரி இருக்கு' என்றார். ஸ்ராங்கு பெரியவர் பேச்சைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. அவருக்கு வேறு புகார். "மூணாவது சீன்ல இடுப்புல கயிறு கட்டாம வெளிய போறான். எவ்ளோ அவசரமா இருந்தாலும் தொழில் தெரிஞ்சவன் கட்டிட்டுத்தான் போவான். உள்ள ஒருத்தன் கயித்தப் புடிச்சினு நிக்கணும். அந்த ஆளு எங்க?"

அந்த ஆளைப் பிரதியில் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு வசனம் கொடுத்திருக்கிறார்கள், இன்னும் நடிகர் கிடைக்கவில்லை.